கோயில்பிள்ளையின் குதிரை

எனக்குத் தமிழ் தெரியும் என்று நம்பித்தான் திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறினேன். புலவர் தேர்வில் தேறிய சான்றிதழ் தகரப் பெட்டியில் இருந்தது. நெய்க்காரப்பட்டியில் எங்கள் தெருவில் எனக்கு முன்னால் யாரும் புலவர் ஆனதில்லை. நான் ஆனதைப் பார்த்த பிறகு வேறு யாரும் அந்தப் பக்கம் போகவும் இல்லை. அப்பா கத்தரித் தோட்டத்தில் மண்வெட்டியோடு நின்றபடி, "படிச்சதுக்கு ஒரு வேலை கெடச்சாச் செரி. இல்லீன்னா வாய்க்கா வெட்ட வந்துரு" என்று ஆசி வழங்கினார். அறுபதுகள் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்தது.

வேலை ஒரு கத்தோலிக்கப் பங்குப் பள்ளிக்கூடத்தில். தோல் மண்டிகளுக்குப் பக்கம் என்பதால் வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. மூக்கைப் பின்பற்றினேன். சாமியார் பங்களா வாசலில் காக்கி அரைக்கால் சட்டையோடு இருந்த ஓர் ஆள் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சாமி சாப்பிட்டுக்கிட்டு இருக்கு. செத்த நேரம் உக்காருங்க" என்றார்.

நான் உட்காரவில்லை. சாமி சாப்பிடும்போது உட்காருவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டு, மேல்துண்டை இடுப்பில் கட்டி, சாத்தியிருந்த கதவைப் பார்த்துக் கைகூப்பி நின்றேன். உள்ளே தட்டுச் சத்தம் கேட்டது. இதோ மணி அடிப்பார்கள், கதவைத் திறப்பார்கள், கற்பூரம் காட்டுவார்கள் என்று காத்திருந்தேன். கதவு திறந்தது. வெள்ளை அங்கியும் நரைத்த தாடியுமாக ஒரு பெரியவர் நாக்கால் பல்லிடுக்கில் எதையோ துழாவிக்கொண்டே வெளியே வந்தார்.

"என்னய்யா இது, இப்படி நிற்கிறீர்? உட்காரச் சொல்லலையா அவன்?"

அவர்தான் சாமி. பங்குச் சாமியாரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியாது. இந்தக் காலத்துப் பையனுக்கு இவ்வளவு பணிவா என்று அவர் மலைத்துப்போனார். நேர்முகத் தேர்வு அத்தோடு முடிந்தது. ஒரு வருஷத்துக்குத் தற்காலிகம். "பிறகு பார்த்து நிரந்தரம் பண்ணுவோம்" என்றார்.

அந்த 'பிறகு பார்த்து' என்பதில் என் வாழ்க்கை தொங்கிக்கொண்டிருந்தது. ஒட்டன்சத்திரத்தில் எனக்கு ஒரு பெண்ணைப் பேசியிருந்தார்கள். பெண்ணின் தகப்பனார் காய்கறி மண்டி வைத்திருந்தவர். அழுகல் தக்காளியைக் கூடையின் அடியில் மறைத்து வைப்பவர்களோடேயே முப்பது வருஷம் புழங்கியதால் எதையும் மேலோட்டமாக நம்பமாட்டார். "நெரந்தரம்னு காயிதம் வரட்டுங்க. அப்பறம் பொண்ணுப் பாக்க வாங்க" என்று சொல்லிவிட்டார். காகிதம் வராவிட்டால் பெண் இல்லை, வாய்க்கால்தான்.

அந்த மதில் சுவருக்குள் பேசியதும் தமிழ்தான். ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெரிந்த சொல். பொருள் மட்டும்தான் வேறு. கோயில் என்றால் சிலுவை வைத்தது, பூசை என்றால் லத்தீனில் நடப்பது. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், "நன்மை வாங்கப் போறேன் சார்" என்று அனுமதி கேட்டபோது, அது எந்தக் கடையில் கிடைக்கிறது என்று விசாரித்து வகுப்பைக் குஷிப்படுத்தினேன். நன்மை என்பது பூசையில் சாமியார் தரும் அப்பம். தலைமையாசிரியர் ஒருநாள், "வைரவிழாவுக்கு ஆண்டவர் வாரார்" என்றார். பழனிக்குப் பக்கத்தில் பிறந்தவனுக்கு ஆண்டவர் ஒருவர்தான்.

"மலையை விட்டு எறங்கறாருங்களா?" என்று கேட்டேன்.

"ரயிலை விட்டு எறங்குறாரு. மேற்றிராணியார், வேய்!"

பிஷப்பைத்தான் ஆண்டவர் என்கிறார்கள் என்று அன்றைக்குப் படித்துக்கொண்டேன். பிள்ளைகள் என் முதுகுக்குப் பின்னால் "ஏனுங்க, மலையை விட்டு எறங்கறாருங்களா" என்று ஒரு மாதம் பாடினார்கள்.

அந்தக் காக்கி அரைக்கால் சட்டைக்காரரை எல்லாரும் மணியண்ணன் என்றார்கள். சுப்பிரமணியைச் சுருக்கியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். கிறிஸ்தவ வேதத்தில் இருந்துகொண்டு இந்தப் பெயரா என்று தோன்றினாலும், ஊர்ப் பாசம் மேலிட்டது.

"எங்க பக்கத்துல வீட்டுக்கு ஒரு மணி இருக்காருங்க" என்றேன்.

"இங்கன ஊருக்கே ஒண்ணுதான் சார்" என்றார் அவர் பெருமையாக.

இரண்டு பேரும் திருப்தியாகப் பிரிந்தோம். கோயில் மணியும் பள்ளிக்கூட மணியும் அவர்தான் அடித்தார் என்பதை நான் தினமும் பார்த்தேன். பார்த்ததையும் பெயரையும் சேர்த்து முடிச்சுப் போடும் புத்தி எனக்கு இல்லை. இதில் வேடிக்கை, செவ்வாய்க்கிழமைதோறும் மூன்றாம் பிரிவேளையில் ஏழாம் வகுப்புக்குக் காரணப்பெயர், இடுகுறிப்பெயர் நடத்திக்கொண்டிருந்தவன் நான்தான்.

வருஷத்தின் பாதியில் சாமி கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் ஒரு மரப்பெட்டி. அதற்குள் பூச்சி அரித்த குறிப்பேடுகள். அறுபது வருஷமாக அந்தப் பங்கில் இருந்த சாமியார்கள் நாள்தோறும் எழுதி வைத்தவை.

"நம்ம பள்ளிக்கூடத்தோட சரித்திரத்தை எழுதும். சின்னப் புத்தகம் போதும். விழாவில் ஆண்டவர் கையால் வெளியிடுவோம். நல்லா வந்தா உம்ம காகிதத்தைப் பற்றிப் பேசுவோம்."

"ஆகட்டுங்க சாமி."

"முதல்ல இருந்தவங்க வெள்ளைக்காரச் சாமிமார். தமிழ் அப்படி இப்படித்தான் இருக்கும். நீர் புலவர், சமாளியும்."

அப்படிச் சொல்லிவிட்டு அவர் கிராமங்களைச் சுற்றக் கிளம்பினார். அதற்குப்பின் ஞானவொடுக்கம். அதாவது சாமியார்கள் ஒன்றுகூடிப் பேசாமல் இருப்பது. ஆக, கேட்கவேண்டிய நேரத்தில் கேட்க ஆளில்லை. ஆள் இருந்தாலும் கேட்டிருக்கமாட்டேன் என்பது வேறு விஷயம். புலவர்கள் கேட்பதில்லை.

முதல் ஏட்டில் நாலாம் பக்கத்திலேயே நான் தேடியவர் கிடைத்துவிட்டார். 'கோயில்பிள்ளை பூசைக்குப் பிற்பாடு மரத்தடியில் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு அட்சரம் சொல்லிக் கொடுக்கிறான்.' எனக்குப் புல்லரித்தது. பள்ளிக்கூடம் பிறந்த இடம்! தொடங்கியவர் ஒரு பிள்ளைவாள்! ஆளை 'அவன்' என்று எழுதியிருந்தது மட்டும் உறுத்தியது. பாவம், வெள்ளைக்காரருக்கு மரியாதைப் பன்மை வந்திருக்காது என்று மன்னித்து, எல்லா இடத்திலும் 'அவர்' ஆக்கினேன்.

அதற்குப்பின் அவர் இல்லாத பக்கமே இல்லை. 'கோயில்பிள்ளை மணியடிக்க மறந்தான். அடித்தேன்.' அடித்தது மணியையா ஆளையா என்று தெரியவில்லை. 'கோயில்பிள்ளைக்கு இன்று விவாகம்.' நல்லது. 'கோயில்பிள்ளை மரித்தான். பிள்ளைகள் மரத்தடியில் உட்கார்ந்து அழுகிறார்கள்.' எனக்கும் துக்கமாக இருந்தது. பக்கத்தைப் புரட்டினேன். 'கோயில்பிள்ளை மீன் வாங்கி வந்தான். கெட்ட மீன்.'

இறந்தவர் பதினோராம் நாள் மீன் வாங்கப் போகிறார். இடத்தை உத்தேசித்து, இவரும் உயிர்த்தெழுந்துவிட்டாரோ என்று முதலில் ஒரு கணம் நினைத்தேன். பிறகு உள்ளிருந்த புலவன் விழித்துக்கொண்டான். இது பாடபேதம்! வெள்ளைக்காரச் சாமி 'மறந்தான்' என்று எழுத நினைத்து, ஒலி மயங்கி 'மரித்தான்' என்று எழுதிவிட்டார். மணியடிக்க மறப்பதுதான் பிள்ளைவாளுக்கு வழக்கமாயிற்றே. பிள்ளைகள் ஏன் அழுதார்கள்? சாமி அடித்திருப்பார், அதைப் பார்த்து அழுதிருப்பார்கள். எல்லாம் பொருந்தியது. இப்படி அந்த அறுபது வருஷத்தில் அவர் மூன்று முறை இறந்தார், பிள்ளைகளும் மூன்று முறை அழுதார்கள். மூன்று முறையும் நான் என் புலமையால் அவரை எழுப்பினேன். இரண்டு முறை விவாகமும் ஆயிற்று. முதல் அம்மாள் காலமாகியிருப்பார் என்று அனுமானித்து, அந்த அம்மாளுக்கு இரண்டு வரி இரங்கலும் எழுதினேன்.

எல்லாம் கூட்டிப் பார்த்தால் தொண்ணூறு வயதுக்குமேல் வாழ்ந்து தொண்டாற்றிய மகான் ஒருவர் எழுந்து நின்றார். பிள்ளை என்ற பட்டத்தை வைத்து, 'சைவப் பெருங்குடியில் பிறந்தும் பிற சமயத்தார் கல்விக்கு வாழ்நாளை ஈந்த வள்ளல்' என்று ஒரு முழுப் பத்தி தீட்டினேன். எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கிவிட்டது.

சந்தேகம் வந்திருந்தாலும் விழாக் குழுவில் தீர்ந்திருக்கும். குழுவில் தோல் மண்டி பாய் ஒருவர் இருந்தார். அந்தப் பள்ளியிலேயே படித்தவர். கோயில்பிள்ளையைப் பற்றி எழுதியிருக்கிறேன் என்று நான் சொன்னதும் நாற்காலியில் நிமிர்ந்தார்.

"கோயில்பிள்ளையா? யா அல்லா, அவரு கையால வாங்குன அடி இன்னும் முதுகுல இருக்கு வாத்தியாரே. நாலு எழுத்து தெரியுதுன்னா அவருனாலதான். அவருக்குப் படம் எழுதுங்க. செலவு என்னோடது."

"பாக்க எப்படிங்க இருப்பாரு?"

"நல்ல உசரம். மீசைன்னா மீசை, அம்புட்டு மீசை. கையில எந்நேரமும் கயிறு. அதை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நிப்பாரு பாருங்க, நாங்க வாசலுக்கு ஓடியாருவோம்."

இவர் சொல்லும் கயிறு எந்தக் கயிறு என்று நான் யோசிக்கவே இல்லை. அந்தக் காலத்துப் பெரிய மனிதர் கையில் கயிறு என்றால் வேறென்ன? குதிரை!

படம் எழுதியவர் சினிமா பேனரும் பூட்டுக்கடைப் போர்டும் எழுதுகிறவர். "பெரிய குடும்பத்துப் பிள்ளைவாள், மீசை, குதிரைக் கயிறு" என்று நான் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. குதிரை எழுதி ரொம்ப நாளாச்சாம். ஆளுயரப் படம் வந்தது. ஜரிகைத் தலைப்பாகை, கறுப்புக் கோட்டு, நெற்றி நிறைய மூன்று பட்டை விபூதி, பக்கத்தில் முன்கால் தூக்கிய வெள்ளைக் குதிரை. கோயில்பிள்ளை அதன் கடிவாளக் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு எங்களை முறைத்தார். தலைமையாசிரியர் வெளியூர்க்காரர், யாரென்று கேட்காமல் அவர் பாட்டுக்கு நல்ல படம் என்றார். புத்தகமும் அச்சாகிக் கட்டுக் கட்டாக வந்து இறங்கியது.

விழாவுக்கு முந்தின நாள் காலையில் சாமி திரும்பி வந்தார். மேடைமேல் சாத்தி வைத்திருந்த படத்தின் முன்னால் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இது யாருய்யா?"

"கோயில்பிள்ளைங்க சாமி. பள்ளிக்கூடத்தைத் தொடங்கினவருங்க."

அவர் என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், குதிரையைப் பார்த்தார். பிறகு மணிக்கூண்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"ஏலே, இங்க வா!"

மணியண்ணன் விளக்குமாற்றோடு ஓடி வந்தார்.

"இது யாருன்னு பாரு."

"யாரு சாமி? ஏதோ பண்ணையார் மாதிரி இருக்காரு. கொடுத்து வச்ச மவராசன்."

"நீதான்லே அது."

மணியண்ணன் விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டார். சாமி என் பக்கம் திரும்பினார். "கோயில்பிள்ளைன்னா கோயிலைக் கூட்டி, விளக்கேத்தி, மணியடிக்கிறவன்யா. ஆள் பெயரில்லை, வேலைப் பெயர். ஒருத்தன் போனா இன்னொருத்தன். அந்தக் காலத்தில் தனியா வாத்தியார் வைக்க வழியில்லை. எழுத்துத் தெரிஞ்ச ஆளாப் பார்த்துக் கோயில்பிள்ளையா வைப்பாங்க. மணியை அடிச்சிட்டு அவனே பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுப்பான்."

"எத்தனை பேருங்க சாமி?" என்று கேட்டேன்.

"இவனோட சேர்த்து நாலு பேரு."

நாலு பேரையும் பிசைந்து ஒருவராக்கி, விபூதி பூசிக் குதிரைக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தேன். ஒட்டன்சத்திரம் கண்முன்னே தூரப் போய்க்கொண்டிருந்தது.

"எங்கய்யாவும் கோயில்பிள்ளைதான் சார்" என்றார் மணியண்ணன். "எனக்கு முந்தி அவருதான். தோல் மண்டி பாய்க்கெல்லாம் அவருதான் வாத்தியாரு. நான்தான் மூணாப்புல பெயிலாகி வெறும் மணியோட நின்னுட்டேன். அவரு செத்தன்னைக்குச் சாமியாரு ஏட்டுல எழுதி வச்சாராம், பிள்ளைக அழுததை. நம்ம புத்தகத்துல இருக்கா சார்?"

இருந்தது. பதினான்காம் பக்கத்தில். 'அன்றும் மறந்தார்' என்று இருந்தது. அவருக்கு வாசிக்கத் தெரியாது என்பதால் தப்பித்திருக்கலாம். ஆனால் சாமி புத்தகத்தைப் பிரித்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, சத்தமாகவே வாசித்துவிட்டார்.

மணியண்ணன் கீழே கிடந்த விளக்குமாற்றை எடுத்துக்கொண்டார். "எங்கய்யா ஒரு நாளும் மணியடிக்க மறந்ததில்லை சார்" என்றார். "மறந்ததெல்லாம் அவருக்கு முந்தி இருந்த ஆளு. எங்கய்யா செத்துத்தான் போனாரு."

நான் எவ்வளவோ திட்டு வாங்கியிருக்கிறேன். அதில் எதற்கும் நான் தலைகுனிந்ததாக நினைவில்லை. அந்த வாக்கியத்துக்குக் குனிந்தேன்.

"இன்றைக்கு ஒரு நாள் இருக்கு" என்றார் சாமி. "சரிப்படுத்தும். பிறகு உம்மைப் பற்றிப் பேசுவோம்."

ஓவியரைக் கூட்டிவந்தேன். முதலில் விபூதியை அழித்தார். தலைப்பாகை போயிற்று. கோட்டில் கை வைத்தபோது, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மணியண்ணன் குறுக்கே வந்தார்.

"அப்பு, கோட்டு இருக்கட்டும். எங்கய்யா கடைசி வரைக்கும் ஒரு கோட்டு வாங்கணும் வாங்கணும்னாரு."

கோட்டு இருந்தது. குதிரைதான் பெரும்பாடு. உடம்பை வெள்ளையடித்துச் சுவராக்கிவிடலாம், ஆனால் கயிறு எங்கேயாவது போய் முடியவேண்டுமே. குதிரைத் தலை இருந்த இடத்தில் ஒரு மணியை எழுதினார் ஓவியர். ஆக, உலகத்தில் வேறெங்கும் இல்லாதபடி, அந்த மணி தலைக்குமேல் தொங்காமல் பக்கவாட்டில் நின்றது. கோயில்பிள்ளை அதைத் தன்னிடம் வரச்சொல்லி மிரட்டுவதுபோல் இருந்தது.

புத்தகத்தை என்ன செய்வது? புதிதாக அச்சடிக்க நேரமில்லை. தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது இலக்கணம் கைகொடுத்தது. வாழ்க்கையில் எனக்கு அது கைகொடுத்த சந்தர்ப்பம் அது ஒன்றுதான். நான்தான் எல்லா இடத்திலும் மரியாதையாக எழுதியிருக்கிறேனே. கோயில்பிள்ளை, கோயில்பிள்ளைகள். அவர், அவர்கள். தொடங்கினார், தொடங்கினார்கள். இரண்டே எழுத்து! ஒரு துண்டுச் சீட்டு அடித்து ஒட்டினால் போதும். வள்ளல் பத்தியின்மேலேயே ஒட்டிவிட்டால் அதுவும் மறைந்துவிடும். அச்சகத்துக்கு ஓடினேன். அச்சுக் கோப்பவர் நான் எழுதிக் கொடுத்ததை வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"சார், மதுவிலக்கு நடந்துக்கிட்டு இருக்கு. தெரிஞ்சுதான் எழுதுனீகளா?"

பார்த்தேன். 'இந்நூலில் கோயில்பிள்ளை வரும் இடங்களில் எல்லாம் கள் சேர்த்துக்கொள்ளவும்' என்று இருந்தது.

"வேற எப்படிங்க எழுதறது?"

"எழுதுங்க, எழுதுங்க. போலீஸு வந்தா உங்களைக் கைகாட்டுவேன், அம்புட்டுத்தான்."

மாற்றி யோசிக்க மூளை ஓடவில்லை. அதன் கீழே இரண்டாவது வரி ஒன்றும் சேர்த்தேன். 'பதினான்காம் பக்கத்திலும் மேலும் இரண்டு இடங்களிலும் மறந்தார் என்பதை இறந்தார் எனத் திருத்தி வாசிக்கவும். கோயில்பிள்ளையின் மறைவுக்கு மாணவர்கள் அழுதனர்.' அந்த மூன்று இடத்தில் மட்டும் கள் சேர்க்கவேண்டாம் என்று மூன்றாவது வரியும் போட வேண்டியிருந்தது. சாயங்காலம் எட்டாம் வகுப்பு முழுவதும் பசைச் சட்டியோடு உட்கார்ந்து ஒட்டியது.

மறுநாள் ஆண்டவர் வந்தார். படத்தைத் திறந்தார். மணியைக் கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துப் பார்த்தார். அவர் மோதிரத்தை முத்தி செய்ய, அதாவது முத்தமிடப் போன மணியண்ணன் தானும் தலையைச் சாய்த்துக்கொண்டார், அதுதான் முறை என்று நினைத்து. பிறகு ஆண்டவர் புத்தகத்தைப் பிரித்தார். நேராகச் சீட்டு ஒட்டிய பக்கமே விரிந்தது, பசை காயாததால். வாசித்தார். தோள் குலுங்கியது. பக்கத்திலிருந்த சாமியிடம் சீட்டைக் காட்டினார். சாமி முதலில் கல்லாக இருந்தார், அப்புறம் தாடி ஆட ஆரம்பித்தது.

"கள் சேர்க்கச் சொன்ன புண்ணியவான் யாரு?" என்று ஆண்டவர் ஒலிபெருக்கியிலேயே கேட்டுவிட்டார்.

கூட்டத்தில் எழுந்து நின்றேன். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "மலையை விட்டு எறங்கறாருங்களா" என்றது. அதற்கும் சிரித்தார்கள். தோல் மண்டி பாய் மட்டும் சிரிக்கவில்லை. படத்தின் முன்னால் போய் நின்று, "மீசை சரியா வந்திருக்கு" என்று மணியண்ணனிடம் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்துச் சாமி கூப்பிட்டார். பெட்டியைக் கட்டிவைத்துவிட்டுத்தான் போனேன். மேசையில் ஒரு காகிதம் இருந்தது.

"உம்மை அனுப்பிவிடலாம்னுதான் நினைச்சேன்" என்றார். "அப்புறம் யோசிச்சுப் பார்த்தேன். படம் இங்கேதான் இருக்கப் போகுது. வர்றவன் போறவன் எல்லாம் மணி ஏன் சாமி பக்கவாட்டில் நிக்குதுன்னு கேட்பான். வயசான காலத்தில் நான் பதில் சொல்லிக்கிட்டு இருக்கணுமா? நீர் இரும். நீரே சொல்லும். ரிட்டயர் ஆகிற வரைக்கும் சொல்லும்."

அப்படித்தான் நான் நிரந்தரம் ஆனேன்.

காகிதம் வந்த செய்தி கேட்டு அடுத்த வாரமே ஒட்டன்சத்திரத்திலிருந்து பெண்ணின் தகப்பனார் நேரில் வந்துவிட்டார், காகிதத்தின் அடிப்பக்கத்தில் அழுகல் இருக்கிறதா என்று பார்க்க. கூடத்தில் நுழைந்ததும் படத்தின் முன்னால் நின்றார்.

"ஏனுங்க, இந்தப் பெரியவரு எதுக்குங்க மணியைப் பக்கத்துல நிறுத்திக் கயித்தைப் புடிச்சிருக்காரு?"

சாமி சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலையை ஆரம்பித்தேன். கோயில்பிள்ளை என்பது பெயரில்லை, வேலை என்பதில் தொடங்கி, நாலு பேர், குதிரை, விபூதி, கள் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டார். பிறகு கையை நீட்டினார்.

"அந்தக் காயிதத்தைக் கொஞ்சம் குடுங்க. அதுல போட்டிருக்கறது உங்க பேருதானான்னு ஒருக்காப் பாத்துக்கறேன்."